கொப்பியில் ஐந்து, கையில் இரண்டு

சம்மாந்துறை வட்டையிலே வேளாண்மை செய்யும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பெயர் எதற்கு? இவரைப் போன்றவர் நிந்தவூரிலும் உளர், அக்கரைப்பற்றிலும் உளர், காரைதீவிலும் உளர். ஈராண்டுக்கு முன், அறுவடைக் காலத்தில், அவருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். வைத்தியசாலையை விட்டு வெளியேறுகையில் ஒரு கிளினிக் கொப்பியைக் கையில் கொடுத்தனுப்பினார்கள். அதிலே ஐந்து மருந்துகளின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன: குருதி கட்டியாகாதிருக்க அஸ்பிரின், கொழுப்பைக் குறைக்க அடோர்வஸ்டற்றின், குருதியமுக்கத்துக்கு லொசார்டன், இதயத் துடிப்பைத் தணிக்கப் பிசொப்ரொலோல், நீரிழிவுக்கு மெற்போமின். இன்று அவர் வீட்டு அலுமாரியைத் திறந்து பார்த்தால் எத்தனை இருக்கும்? இரண்டு!

மற்ற மூன்றும் எங்கே போயின? ஒன்று, சென்ற மாதம் மருந்தகத்தில் தீர்ந்து போயிற்று. வெளியில் வாங்கிக்கொள்ளும்படி துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் துண்டு சட்டைப் பையிற் கிடந்து சட்டையோடு சேர்ந்து துவைபட்டது. இன்னொன்று ஈரலைத் தின்றுவிடும் என்று தேநீர்க் கடையில் எவரோ சொல்ல, அன்றே நிறுத்தப்பட்டது. அதுதான் கொழுப்பு மாத்திரை, அதாவது ஸ்டற்றின். மூன்றாவது வயிற்றை எரித்தது. அது அஸ்பிரின். மறுமுறை மாரடைப்பு வராமற் காப்பதில் எந்த இரண்டு மருந்துகளுக்குப் பெரும்பங்கு உண்டோ, அந்த இரண்டுமே வீட்டை விட்டு வெளியேறிவிட்டன. எஞ்சி நிற்பவை பிரஷருக்கும் சீனிக்கும் உரியவை. அவற்றின் பயனைக் கருவி வைத்து அளந்து கண்ணாற் காணலாம் அல்லவா? அஸ்பிரினும் ஸ்டற்றினும் செய்யும் வேலையோ கண்ணுக்குத் தெரிவதில்லை. வராமற்போன மாரடைப்பை எவர் கண்டார்!

அந்த மனிதரை ஏசுவது எளிது. நாம் ஏசமாட்டோம். ஐந்து பொட்டலங்களை ஐந்து விதமாக, ஆயுள் முழுவதும், ஒரு நாளும் தவறாது விழுங்க வேண்டுமென்று படித்தவருக்கு விதித்தாலும் அவர் தவறத்தான் செய்வார். நாம் கேட்பது வேறு. இம்மருந்துகளிற் சிலவற்றை ஒரே மாத்திரையாகச் சேர்த்து நாளொன்றுக்கு ஒரு முறை கொடுக்கலாம். கொடுத்தால் உயிர்கள் காக்கப்படும் என்பது பரீட்சித்துத் தெளியப்பட்ட உண்மை. உலக சுகாதார நிறுவனமே அதனை ஏற்றுக்கொண்டுவிட்டது. அப்படியிருக்க, கரைவாகு முதல் பொத்துவில் வரை உள்ள எங்கள் நோயாளியின் உள்ளங்கையில் அந்த ஒரு மாத்திரையை வைப்பதற்கு யார் தடை?

இந்த இரு மருந்துகளும் உடலில் என்ன செய்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுவோம். இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய்களின் சுவரிலே, வாய்க்காற் கரையில் வண்டல் படிவதுபோல, ஆண்டுக்கணக்கிற் கொழுப்புப் படிகின்றது. அந்தப் படிவு ஒருநாள் வெடித்துப் பிளக்கின்றது. பிளந்த இடத்தை அடைக்கக் குருதியிலுள்ள சிறு தட்டுகள் ஓடிவந்து ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. அந்த அடைப்பே மாரடைப்பு. மூளைக்குச் செல்லும் குழாயில் நேர்ந்தால் பாரிசவாதம். ஸ்டற்றின் ஈரலிலே கொலஸ்ரோல் உற்பத்தியாவதைக் குறைத்து, படிவு பெருகாமலும் எளிதில் வெடிக்காமலும் காக்கின்றது. அஸ்பிரின் அந்தத் தட்டுகளை ஒட்டவிடாது செய்கின்றது. ஒருமுறை அஸ்பிரின் தீண்டிய தட்டு தன் ஆயுளான எட்டுப் பத்து நாளும் மீண்டும் வீரியம் பெறுவதில்லை. ஒன்று கரையைக் காக்கின்றது. மற்றது கரை உடைந்தபோதும் வாய்க்கால் அடைபடாமற் காக்கின்றது. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. ஆதலினாற்றான் இரண்டும் வேண்டும் என்கின்றோம்.

நெல் விளைவிப்போர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. ஸ்டற்றினைக் கண்டுபிடித்தவர் அகிரா எண்டோ என்னும் ஜப்பானியர், உழவர் குடும்பத்திற் பிறந்தவர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சோதித்த பின், அரிசியிற் பூத்த ஒருவகைப் பூஞ்சணத்திலிருந்து 1973இல் முதலாவது ஸ்டற்றினைப் பிரித்தெடுத்தார். 2024இல் அவர் மறைந்தபோது எங்கள் பத்திரிகைகளிற் பெரும்பாலானவை அவருக்கு எத்தனை வரி ஒதுக்கின என்பதை வாசகரே நினைத்துப் பார்க்கலாம். அஸ்பிரினோ 1897இல் ஜேர்மனியில் ஆக்கப்பட்டது. நூற்றிருபத்தைந்து ஆண்டு கடந்த கிழட்டு மருந்து.

இவற்றின் ஆற்றல் வாய்ப்பேச்சன்று. மாரடைப்பு வந்த 17,187 பேரிடம் நடத்தப்பட்டு 1988இல் வெளியான ஆய்வில், ஒரு மாத காலம் கொடுத்த அஸ்பிரின் மாத்திரம் இதய, குருதிக்குழாய் மரணங்களை ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைத்தது. இதயநோய் கொண்ட 4,444 பேருக்குச் சிம்வஸ்டற்றின் கொடுத்து ஸ்கண்டிநேவிய வைத்தியர்கள் 1994இல் வெளியிட்ட முடிவு, மொத்த மரணமே நூற்றுக்கு முப்பது வீதம் குறைந்ததைக் காட்டியது. 2003இல் பிரித்தானிய அறிஞர் வோல்ட், லோ இருவரும் இவற்றையும் குருதியமுக்க மருந்துகளையும் ஒரே மாத்திரையிற் சேர்க்கலாம் என எழுதினர். அதே ஆண்டு ஓர் அமெரிக்கக் கம்பனி ஸ்டற்றினையும் அஸ்பிரினையும் ஒரே பெட்டியில் வைத்து விற்கவும் செய்தது.

அன்றிலிருந்து இருபதாண்டுக்கு மேலாகிவிட்டது. மருந்து உலகெங்கும் பரவியதா? பதினேழு நாடுகளில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். மாரடைப்போ பாரிசவாதமோ ஏற்கனவே வந்தவர்களில், செல்வ நாடுகளில் இம்மருந்துகளில் ஒன்றுகூட எடுக்காதவர் நூற்றுக்குப் பதினொருவர். வறிய நாடுகளிலோ நூற்றுக்கு எண்பதின்மர்! விலை உயர்ந்த புது மருந்தாயின் இதற்கு ஏதேனும் சமாதானம் சொல்லலாம். காப்புரிமை காலாவதியாகி, எவரும் செய்து எவரும் விற்கக்கூடிய மருந்துக்கு இந்த நிலை. உண்மைக் காரணமும் அதுவேதான். இலாபமில்லாத சரக்கைத் தலையிற் சுமந்து ஊரூராக விற்க எந்த வியாபாரி வருவான்? விற்பனைப் பிரதிநிதிகள் வைத்தியர் வாசலிற் காத்திருப்பது பழைய மாத்திரையின் புகழ் பாடுவதற்கன்று.

இனி, எமது வாசகர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய ஓர் ஆய்வுக்கு வருகின்றோம். ஈரானிலே, கஸ்பியன் கடலுக்குக் கிழக்கே கோலெஸ்தான் என்றொரு மாகாணம் உண்டு. துருக்மேனிய முஸ்லிம் உழவர் மிகுந்த கிராமங்கள். அக்கிராமத்தவர் 6,838 பேரை இரு பகுதியாக்கினர். இரு பகுதியாருக்கும் உணவு, நடை, புகையிலை பற்றிய புத்திமதி சொல்லப்பட்டது. ஒரு பகுதியாருக்கு மாத்திரம் அதனோடு அஸ்பிரின், அடோர்வஸ்டற்றின், இரு குருதியமுக்க மருந்துகள் ஆகிய நான்கும் சேர்ந்த ஒரே மாத்திரை நாள்தோறும் கொடுக்கப்பட்டது. ஐந்தாண்டின் முடிவில், 2019இல் வெளியான கணக்கின்படி, பெரிய இதயநோய் நேர்ந்தவர் புத்திமதி மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 8.8, மாத்திரையும் பெற்றோரில் 5.9. மூன்றிலொரு பங்கு குறைவு!

"சோற்றைக் குறையுங்கள், மாட்டிறைச்சியைத் தள்ளுங்கள், கடற்கரையில் நடவுங்கள், அதுவே போதும்" என்று மேடைதோறும் உபதேசிப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அவர்கள் சொல்வது பொய்யன்று. கந்தூரிச் சாப்பாட்டையும் மூன்று கரண்டிச் சீனித் தேநீரையும் சிகரெட்டையும் நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் உபதேசம் மட்டும் பெற்ற கிராமத்துக்கும் உபதேசத்தோடு மாத்திரையும் பெற்ற கிராமத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு எத்தனை மையித்து என்று எண்ணிப் பாருங்கள். ஏற்கனவே மாரடைப்பு வந்தவருக்கு வெறும் உபதேசத்தை மட்டும் கொடுத்தனுப்புவது தருமமாகாது.

மாரடைப்புக்குப் பிந்தியவர்களுக்கென்றே ஐரோப்பாவில் 2,499 பேரிடம் மற்றோர் ஆய்வு நடந்து 2022இல் வெளியாயிற்று. அஸ்பிரின், அடோர்வஸ்டற்றின், ராமிப்ரில் மூன்றும் ஒரே மாத்திரையிற் பெற்றவர்கள் ஒரு புறம். வழக்கம்போலத் தனித்தனியே பெற்றவர்கள் மறுபுறம். ஒன்றாய்ப் பெற்றோரிடை மரணமும் மறுமாரடைப்பும் முதலியன 9.5 வீதம்; தனித்தனியே பெற்றோரிடை 12.7 வீதம். இரு சாராருக்கும் எழுதிக் கொடுக்கப்பட்ட மருந்துகள் ஏறத்தாழ ஒரே வகையினவே என்பதைக் கவனியுங்கள். ஒன்றாக்கியதனால் விடாது விழுங்கினார்கள். வேறு மாயம் எதுவுமில்லை. 2023ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இத்தகைய கூட்டு மாத்திரைகளைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

"இதெல்லாம் ஈரான் கதை, ஐரோப்பியர் கதை. எங்கள் நாட்டுக்கு ஒத்துவருமா?" என்று எவரேனும் கேட்பாராயின், அவருக்கு இலங்கைக் கதையையே சொல்வோம். இந்நாட்டின் பதினொரு வைத்தியசாலைக் கிளினிக்குகளிலே, உயர் குருதியமுக்கம் கொண்ட எழுநூறு பேரிடம், மூன்று மருந்துகளைச் சிறு அளவிற் சேர்த்த ஒரே மாத்திரை பரீட்சிக்கப்பட்டது. களனிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அசித்த டி சில்வா முதலானோர் அவுஸ்திரேலிய அறிஞரோடு கூடிச் செய்த இவ்வாய்வு 2018இல் வெளியாயிற்று. ஆறு மாதத்தில் அமுக்கம் கட்டுக்குள் வந்தோர் கூட்டு மாத்திரை பெற்றவரில் நூற்றுக்கு 70. வழக்கமான முறையில் 55. அதில் ஸ்டற்றினும் அஸ்பிரினும் இல்லை என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆயினும் ஒன்றாக்கிக் கொடுத்தால் இலங்கை நோயாளி விடாது விழுங்குவானா என்ற கேள்விக்கு இலங்கை நோயாளியே விடை சொல்லிவிட்டான். அந்த ஆய்வின் வழிவந்த மற்றொரு மும்மருந்து மாத்திரைக்கு அமெரிக்க அரசாங்கம் 2025இல் அனுமதியும் வழங்கிவிட்டது. எங்கள் மக்களின் உடம்பிலே பரீட்சித்துப் பெற்ற அறிவின் கனி அமெரிக்கனுக்கு; எங்கள் மக்களுக்கு ஐந்து பொட்டலமும் ஒரு துண்டும். இது என்ன நியாயம்?

வைத்தியர்களின் ஆட்சேபங்களையும் நாம் கேட்டிருக்கின்றோம். கூட்டு மாத்திரையில் ஒவ்வொரு மருந்தின் அளவையும் ஆளுக்கேற்பக் கூட்டவோ குறைக்கவோ இயலாது என்பர். மெய்தான். ஆனால் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்க, ஒருவருக்குச் சில நிமிடமே ஒதுக்கக்கூடிய கிளினிக்கிலே எத்தனை பேருக்கு அளவு திருத்தப்படுகின்றது? வேண்டியோருக்குத் தனித்தனியே கொடுங்கள். ஏனையோருக்கு ஒன்றாகக் கொடுங்கள். மேலும், அம்மாத்திரை இருப்பிலில்லாமற் போனால் மூன்றுமே ஒருங்கே இல்லாமற் போகுமே என்பர். இது சிந்திக்க வேண்டிய ஆட்சேபம். 2022இல் நாடு வங்குரோத்தடைந்தபோது மருந்துக்கு நாம் பட்ட பாட்டை எவர் மறப்பார்! ஆனால் மூன்றில் ஒன்று தீர்ந்தால் மருந்தகத்தாரைத் தவிர எவருக்கும் தெரிவதில்லை. இருக்கும் ஒரே மாத்திரை தீர்ந்தால் ஊர் முழுவதும் அறியும், கேள்வி எழும். தனி மாத்திரைகளையும் கையிருப்பில் வைத்தே தீர வேண்டும். அதற்கு வேறு காரணமும் உண்டு, பின்னர்ச் சொல்வோம்.

எங்கள் மக்களிடமும் இரண்டு வார்த்தை கடிந்து பேச வேண்டியிருக்கின்றது. அஸ்பிரின் நல்லதாமே என்று கேள்விப்பட்டு, எந்த நோயுமில்லாதவர்கள் பாமசியில் தாமாகவே வாங்கி விழுங்குகின்றனர். அஸ்பிரின் குருதி கட்டுவதைத் தடுக்கும் மருந்து. ஆகவே குடலிலும் மூளையிலும் குருதி கசிவதற்கு இடங்கொடுக்கும் மருந்து. மாரடைப்பு வந்தவருக்கு அந்த ஆபத்தைவிடப் பயன் பன்மடங்கு பெரிது. வராதவருக்கோ அப்படியன்று. அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியோரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்விலே, இதயநோயில்லாதவர்க்கு அஸ்பிரினால் நன்மை கிடைக்கவில்லை. குருதிக்கசிவு மட்டும் கூடிற்று. ஆகவே, அஸ்பிரின் சேர்ந்த மாத்திரை மாரடைப்போ குழாயடைப்பினால் வந்த பாரிசவாதமோ கண்டவர்களுக்கு முதலில் வரட்டும் என்கின்றோம். நோய் வராத ஆனால் ஆபத்து மிகுந்த நீரிழிவுக்காரருக்கும் அமுக்கக்காரருக்கும் அஸ்பிரின் சேராத, ஸ்டற்றின் உள்ள கூட்டு மாத்திரையை வைத்தியர் தெரிந்தெடுக்கட்டும். இந்தியாவும் பிலிப்பைன்சும் உள்ளிட்ட நாடுகளில் 5,713 பேரிடம் நடந்து 2021இல் அச்சேறிய ஆய்வு இத்தகையோரிடம் அஸ்பிரின் சேர்ந்ததற்கும் நல்ல பலன் கண்டது. ஆயினும் யாருக்கு அஸ்பிரின், யாருக்கு வேண்டாம் என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர், தேநீர்க் கடை அன்று.

ஸ்டற்றினைப் பற்றிய பீதியும் அவ்வாறே. ஈரல் சில சமயம் சற்றுத் தாக்கமடையலாம். தசைநோவு சிலருக்கு வரும். வந்தால் வைத்தியரிடம் சொல்லி அளவைக் குறைக்கவோ வேறு ஸ்டற்றினுக்கு மாறவோ வழியுண்டு. தானாக நிறுத்துபவன் தன் மாரடைப்புக்குத் தானே அழைப்பிதழ் எழுதுகின்றான்.

தனி மாத்திரைகளும் கையிருப்பில் வேண்டும் என்றோமல்லவா? மாரி மழை விழுந்தால் எங்கள் கரையோரத்தில் டெங்கு வரும். சேற்றில் இறங்கும் வேளாண்மைக்காரரை எலிக்காய்ச்சலும் பிடிக்கும். இவ்விரு காய்ச்சலிலும் குருதி கசியும் அபாயமுண்டு. அவ்வேளையில் அஸ்பிரின் எரிகிற வீட்டில் எண்ணெய். காய்ச்சல் கண்டவுடன், தாம் அஸ்பிரின் சேர்ந்த மாத்திரை எடுப்பவர் என்பதை நோயாளி வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். குழாயில் ஸ்டென்ற் பொருத்தியவர் தாமாக நிறுத்தவுங் கூடாது. வைத்தியர் அஸ்பிரினை மாத்திரம் சில நாள் விலக்கி ஏனையவற்றைத் தொடர விரும்பினால், அவற்றைத் தனித்தனியே கொடுக்கும் வசதி இருக்க வேண்டும். மாத்திரைத் தகட்டின் மேல் ஆங்கிலப் பெயர் மட்டும் மினுங்கினால் இதையெல்லாம் எவர் அறிவார்? உள்ளே அஸ்பிரின் உண்டு, காய்ச்சலென்றால் கேள் என்ற இரு வரி ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் தமிழில் அச்சாக வேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதிவைத்தது கந்தோர்ப் பலகைக்கு மாத்திரமன்று.

நோன்பு மாதத்தை வைத்தே இந்த மாத்திரையின் அருமையை எங்கள் ஊரவர் எளிதில் உணரலாம். காலையொன்று பகலொன்று இரவொன்று என்று ஐந்து மருந்து உள்ளவர் ரமழானில் என்ன செய்கின்றார்? சிலர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விழுங்குகின்றனர்; பலர் மாதம் முழுவதும் விட்டுவிடுகின்றனர். நாளுக்கொரு மாத்திரையாயின், வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, நோன்பு திறந்து உணவருந்திய பின் எடுத்துவிடலாம். வயிறு நிறைந்திருக்கையில் அஸ்பிரினின் எரிவுங் குறையும். கூட்டு மருந்துகளிற் சில கப்சூல் உறையில் வருகின்றன. அவ்வுறையின் ஜெலற்றின் எந்தப் பிராணியினது என்ற கேள்வி எங்கள் மக்களுக்கு உண்டு. அது நியாயமான கேள்வி. அழுத்திச் செய்த மாத்திரை வடிவை வாங்கினால் உறையைப் பற்றிய கேள்வியே எழாது. வாங்குபவர்களுக்கு இந்த விவேகம் இருக்க வேண்டும்.

யார் வாங்குவது? பேராசிரியர் சேனக்க பிபிலே காட்டிய வழியில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்த நாடு இது. தேவையான சில மருந்துகளைத் தெரிந்து, வியாபாரப் பெயரை விடுத்து, மருந்தின் இயற்பெயரால் மொத்தமாகக் கேள்வி கோரி வாங்கினால் வறிய நாடும் தன் மக்களுக்கு மருந்தூட்டலாம் என்று உலகுக்குச் செய்து காட்டியவர் அவர். அவர் மறைந்த 1977ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. அரசாங்கத்துக்கென மாத்திரை உற்பத்தி செய்யும் கூட்டுத்தாபனமும் இரத்மலானையில் 1987 முதல் உண்டு. வழியும் உண்டு, ஆலையும் உண்டு, மருந்தின் காப்புரிமைத் தடையும் நீங்கிற்று. இந்நாட்டின் மரணங்களில் நூற்றுக்கு முப்பத்துநான்கு இதய, குருதிக்குழாய் நோயினால் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இலேயே கணக்குச் சொல்லிவிட்டது. இன்னும் எந்தக் கணக்குக்காகக் காத்திருக்கின்றனர்?

கொழும்பிலே மாரடைப்பு வந்தவனுக்கும் பொத்துவிலிலே வந்தவனுக்கும் ஒரே கதியன்று. கல்முனையிலிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். அடைபட்ட இதயத் தசை அந்தத் தூரத்தைப் பொறுத்திராது. தலைநகரின் வசதி எட்டாத கரையோரத்துக்குத் தடுப்பு மருந்தே முதல் வைத்தியம். கல்முனைக்கெனத் தனிப் பிராந்தியச் சுகாதாரப் பணிமனை இருக்கின்றது. கிராமந்தோறும் குடும்பநல உத்தியோகத்தர் இருக்கின்றனர். அரசாங்கச் சுகாதார ஊழியர் வீடு வீடாகச் சென்று குருதியமுக்கத்தைப் பார்த்து வழிகாட்டினால் அமுக்கம் குறைகின்றது என்று இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசக் கிராமங்களில் நடத்தி 2020இல் வெளியான ஆய்வும் சான்று பகர்கின்றது. மாரடைப்புக்குப் பின் வீடு திரும்பியவர்களின் பெயர்களைத் திரட்டி, முதலில் ஒரு கிளினிக்கிலேனும் இம்மாத்திரையைத் தொடங்கி, ஓராண்டுக்குப் பின் எத்தனை பேர் இன்னும் எடுக்கின்றனர் என்று எண்ணிப் பார்ப்பதற்கு மலையைப் புரட்ட வேண்டியதில்லை.

எங்கள் அரசியல்வாதிகள் இதனை மேடையிற் பேச நாம் கேட்டதில்லை. பிரதேச செயலகத்தின் எல்லைக்காகக் கல்முனையிற் கடையடைத்தார்கள். 2019இல் உண்ணாவிரதமும் இருந்தார்கள். அந்த வழக்கின் நியாய அநியாயத்துள் இங்கு நாம் புகவில்லை. ஆனால் எல்லைக்கோட்டின் இப்பக்கத்துத் தமிழனின் இதயக் குழாயும் அப்பக்கத்து முஸ்லிமின் இதயக் குழாயும் ஒரே விதமாகத்தான் அடைபடுகின்றன. இரு சாராரும் ஒரே குரலிற் கேட்கக்கூடிய கோரிக்கை ஒன்று இருக்குமாயின் அது இதுவே.

திகாமடுல்ல மாவட்டத்து வாக்குகளாற் பாராளுமன்றம் சென்றவர்களிடம் நாம் ஒரே ஒரு கேள்வியை ஒப்படைக்கின்றோம். உலக சுகாதார நிறுவனம் 2023இல் ஏற்ற கூட்டு மாத்திரையை அரசாங்க வைத்தியசாலைகளுக்கு வாங்குவதற்கு இன்றுவரை என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, கல்முனைப் பிராந்தியத்துக்கு எந்தத் திகதியில் அது வரும் என்று சுகாதார அமைச்சரிடம் கேளுங்கள். அமைச்சர் சொல்லும் விடையை, அது எதுவாயினும், இப்பத்திரிகையில் அப்படியே வெளியிடுவோம். அடுத்த கிளினிக் நாளுக்குச் செல்லும் வாசகர்கள் தங்கள் கொப்பியில் எழுதப்பட்ட மருந்துகளையும் வீட்டு அலுமாரியில் உள்ளவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். குறைவதை மறைக்காது வைத்தியரிடம் சொல்லுங்கள்.